காதுக் குறி

நோர்வேயில் பனிமான் என்றதும் வடக்கே பின்மார்க்கில் சாமி மக்கள் மேய்க்கும் மந்தைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அங்கே காட்டுப் பனிமான் கிடையாது. காட்டுமான்கள் இருப்பது தெற்கு மலைகளில். அதே மலைகளின் சில பக்கங்களில் உள்ளூர்க்காரர் கூட்டாக வளர்க்கும் மந்தைகளும் மேய்கின்றன. இரண்டும் கலந்துவிட்டால் எங்களைப் போன்ற சட்டத்தரணிகளுக்கு வேலை வரும்.

என் கட்சிக்காரர் அப்படியொரு மந்தையின் பங்குதாரர். ஆகஸ்ட் 20இல் காட்டுமான் வேட்டை தொடங்கியதும், அனுமதிச்சீட்டு வைத்திருந்த ஒருவர் சுட்ட பெண்மான் தன்னுடையது என்பது அவரது முறைப்பாடு. வழக்கு வருவதற்குள் இறைச்சி தீர்ந்துவிட்டது. நல்லகாலம், தலை உறைபெட்டியில் இருந்தது.

எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கெட்டிக்காரர். மரபணுவைப் பரிசோதித்தால் காட்டு இரத்தமா, வளர்ப்பு இரத்தமா என்று தெரிந்துவிடுமே என்றார். எங்கள் சாட்சியான உயிரியலாளர் மறுத்தார். ஸ்னோஹெட்டா, ரொண்டானே மலைகளில் பழைய காட்டு வம்சம் தெரியும். ஆனால் ஃபொரொல்ஹொங்னாவில் இன்று காட்டுமான் என்று அனுமதி கொடுத்துச் சுடப்படுபவை வளர்ப்பு மந்தைகளின் வழிவந்தவை. இரத்தத்தைப் பார்த்துப் பிரிப்பதானால் அவற்றுக்கெல்லாம் சொந்தக்காரர் தேடவேண்டும் என்றார். நீதிபதி சிரித்துவிட்டார்.

ஆளைக் கண்டதும் ஓடியது, ஆகவே காட்டுமான் என்றார் வேட்டைக்காரர். காட்டுக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்ட வளர்ப்புமான், கூட்டம் ஓடும்போது நின்று வணக்கமா சொல்லும்?

மிஞ்சியது காது. கன்றிலேயே உரிமையாளர் தன் பதிவுபெற்ற குறியைக் காதோரத்தில் கத்தியால் வெட்டிவிடுவார். அது முள்ளுக்கம்பியில் கிழிந்த காயம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. வயதான மேய்ப்பர் ஒருவர் மேசைக்கு வந்து, உறைவு நீங்கிய காதைக் கட்டைவிரலால் விரித்துப் பிடித்தார். நுனி நேராகத் துண்டிக்கப்பட்டிருந்தது. பின்விளிம்பில் முக்கோணமாக ஒரு கொத்து. ஆறிய விளிம்பு இரண்டிலும் வழுவழுப்பாக இருந்தது. பக்கத்தில் பதிவேட்டுப் படத்தை வைத்தேன். அதன்பின் முள்ளுக்கம்பியைப் பற்றி யாரும் பேசவில்லை.

வேட்டைக்காரர் தெரிந்து சுடவில்லை என்பதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மானின் பெறுமதியை என் கட்சிக்காரருக்கு அவர் கொடுக்கவேண்டும், வழக்குச் செலவை அவரவரே ஏற்கவேண்டும் என்று தீர்ப்பானது.