எஞ்சின் ஏறியது, வயர் ஏறவில்லை

மெக்கானிக் பாஸ்மார் வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு போன பிறகுதான் எனக்கு அழைப்பு வரும். "எஞ்சின் ஏத்தியாச்சுண்ணே, சும்மா ரெண்டு வயர மட்டும் குடுத்து விடுங்க." ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் லொறி வைத்திருக்கும் முதலாளிமாருக்கெல்லாம் இந்த வசனம் மனப்பாடம். அந்த இரண்டு வயரில்தான் என் பிழைப்பு ஓடுகிறது.

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அப்போது புது லொறி வரவில்லை, ஓடுகிற லொறியின் விலையோ கிட்டப் போக முடியாததாக இருந்தது. செசி உக்காமல் இருந்தால் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடி ஒரு ஜப்பான் ரீகண்டிஷன் எஞ்சினைக் கொண்டுவந்து ஏற்றுவதுதான் ஒரே வழி என்றாகிவிட்டது. தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி நிற்கவும் முடியாது. மடுவத்தில் எடை போட்ட கொழுந்து அன்றைக்கே பெக்டரிக்குப் போயாக வேண்டும். சாக்கில் கிடந்து சூடேறினால் தூளின் தரம் போய்விடும். அதனால் எல்லாமே அவசர வேலை.

இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான். வந்த எஞ்சினிலும் கோளாறு இருக்காது, பழைய வயர்க்கட்டிலும் இருக்காது. இரண்டும் சந்திக்கிற அந்த ஒரு முழ இடத்தில்தான் இருக்கும். நிறத்துக்கு நிறம் பார்த்து முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். பழைய பெட்ஃபோர்ட், லேலண்ட் லொறிகளில் இருப்பது லூகாஸ் முறை. அதில் வெள்ளை வயருக்குச் சாவி போட்டால்தான் கரண்ட் வரும். ஜப்பான் லொறிகளில் வெள்ளை பெரும்பாலும் பெட்டரியிலிருந்து நேரே வரும் சார்ஜ் வயர். டொயோட்டாவில் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்டது எர்த். லூகாஸில் பிரவுன் என்றால் எப்போதும் கரண்ட் இருக்கும், பென்ஸ் லொறியில் அதே பிரவுன்தான் எர்த். நிறத்தை நம்பிச் சேர்த்தவன் பியூஸ் மட்டும் எரிந்து தப்பினால் அது அவன் அதிர்ஷ்டம்.

நான் முதலில் போய்ப் பார்ப்பது எர்த்தைத்தான். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. எஞ்சினையும் செசியையும் சேர்க்க ஒரு தடித்த பட்டை வயர் இருக்கும். இறக்கும்போது அதைக் கழற்றி எங்காவது போடுவார்கள். ஏற்றும்போது மறப்பார்கள், இல்லாவிட்டால் பெயிண்ட் மேலேயே போல்ட்டை முறுக்கி வைப்பார்கள். பெட்டரியின் மைனஸ் செசிக்குப் போயிருந்தால், ஸ்டார்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான அம்பியர் திரும்பி வர வழியில்லாமல் எக்ஸலேட்டர் கேபிளைப் பிடித்துக்கொள்ளும். "ஸ்டார்ட் பண்ணினா கேபிள் பொகையுதுண்ணே" என்று ட்ரைவர் சொன்னால் நான் கேபிளைத் திரும்பியும் பார்ப்பதில்லை. மைனஸ் நேரே எஞ்சினுக்கு வந்திருந்தால் கதை வேறு. ஸ்டார்டர் நன்றாக அடிக்கும். ஆனால் ஹெட்லைட் மங்கும், சிக்னல் போட்டால் பிரேக் லைட்டும் சேர்ந்து சிமிட்டும். ஒரே பட்டை வயர், இரண்டு விதமான முறைப்பாடு.

இதற்கான சோதனை சுலபம். மீட்டரின் ஒரு முனையைப் பெட்டரி மைனஸின் ஈயத்திலேயே வைக்க வேண்டும், கிளாம்பில் அல்ல. மறு முனை எஞ்சின் பிளொக்கில். ஒருவரை ஸ்டார்ட் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. எஞ்சின் சும்மா நிற்கும்போது அளந்தால் மீட்டர் பூச்சியம் காட்டி நம்மை ஏமாற்றிவிடும்.

மீட்டர் ஏமாற்றும் இன்னொரு இடமும் உண்டு. கினிகத்தேனை, வட்டவளைப் பக்கத்து மழையில் ஓடும் லொறியின் சொக்கட்டைக் கழற்றினால் செம்பெல்லாம் பச்சைக் களிம்பாக இருக்கும். இருபது இழை வயரில் ஒரு இழைதான் மிச்சம் என்றாலும் மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டும். அதனால் மீட்டரோடு இருபத்தொரு வாட் பிரேக் பல்பு ஒன்றில் இரண்டு வயர் பிடித்தும் வைத்திருக்கிறேன். களிம்பு தின்ற வயரில் அது மங்கும், இல்லாவிட்டால் எரியவே எரியாது. இளைய பாஸ்மார் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இந்த வேலையில் ரசித்துச் செய்யக்கூடிய கோளாறு ஒன்று உண்டென்றால், அது சாவியை எடுத்தும் நிற்காத எஞ்சின்தான். ட்ரைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பேய் பிடித்துவிட்டது என்பார். பிறகு கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்து, க்ளச்சை விட்டு நிறுத்துவார். சுழல் பம்ப் உள்ள சின்ன ஜப்பான் டீசல் எஞ்சின்களில் பம்ப் தலையில் ஒரு வால்வு இருக்கும். கரண்ட் இருந்தால் திறந்திருக்கும், போனால் மூடும், எஞ்சின் நிற்கும். அப்படியானால் சாவியை எடுத்த பிறகு கரண்ட் எங்கிருந்து வருகிறது? ஆல்டர்நேட்டரிலிருந்து. அதன் 'எல்' முனைக்கும் சாவிக்கும் நடுவில் டேஷ்போர்டின் சார்ஜ் பல்பு இருக்க வேண்டும். பல்பைக் காணாத யாரோ 'எல்' வயரை நேரே சாவி வயரில் சேர்த்திருப்பார்கள். எஞ்சின் ஓடும்வரை ஆல்டர்நேட்டர் தன் கரண்டைப் பின்பக்கமாகச் சாவி வயருக்கு அனுப்பும், அது பம்ப் வால்வைத் திறந்து வைத்திருக்கும், வால்வு திறந்திருக்கும்வரை எஞ்சின் ஓடும். சாவி வெளியே இருக்கும்போதே ஆல்டர்நேட்டர் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள், எஞ்சின் அந்த நொடியே அடங்கும். நடுவில் பல்பைப் போட்டாலும் சரி, ஒருபக்கம் மட்டும் விடும் டயோடைப் போட்டாலும் சரி. ஆனால் எல்லா எஞ்சினும் இந்தக் கட்சியல்ல. நிற்பதற்குத்தான் கரண்ட் கேட்கும் வகையும் உண்டு. அதில் பியூஸ் போனால் எஞ்சின் நிற்காது. பம்பைப் பார்க்காமல் வயரில் கை வைக்கக் கூடாது.

24 வோல்ட் எஞ்சினை 12 வோல்ட் லொறியில் ஏற்றி, இரண்டு பெட்டரிக்கு நடுவிலிருந்து ரேடியோவுக்கும் லைட்டுக்கும் கரண்ட் எடுப்பவர்களிடம் சண்டை பிடித்து அலுத்துவிட்டது. ஒரு பெட்டரி பட்டினி கிடக்கும், மற்றது கொதிக்கும், கடைசியில் இரண்டும் போகும். கன்வர்ட்டர் வாங்குங்கள், அவ்வளவுதான்.

மலைநாட்டில் உண்மையில் பயப்பட வேண்டியது வெப்ப மீட்டருக்கு. அவிசாவளையிலிருந்து பாரம் ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்கு ஏறும் லொறிக்கு அந்த முள்தான் கண். எஞ்சினோடு வந்த சென்சரும் டேஷ்போர்டில் இருக்கிற மீட்டரும் ஜோடி இல்லை என்றால், தண்ணீர் கொதிக்கும்போதும் முள் நடுவிலேயே சாவகாசமாக நிற்கும். கினிகத்தேனை ஏற்றத்தில் கேஸ்கட் போன பிறகுதான் தெரியும். நான் சென்சரைக் கழற்றி, அதன் உடம்புக்கு ஒரு எர்த் வயர் கொடுத்து, நுனியைக் கொதிக்கிற கேத்தலில் இறக்கிவிட்டு முள்ளைப் பார்ப்பேன். ஹட்டன் உயரத்தில் தண்ணீர் 96 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். ஓடும் எஞ்சினுக்கு அது வழக்கத்தைவிடக் கூடிய சூடு. முள் அங்கே நடுவைத் தாண்டவில்லை என்றால் பழைய எஞ்சினின் சென்சரைத் தேடிப் பிடித்து மரை பொருத்திப் போடுவேன். அதற்கு அரை நாள் கூலி கேட்டால் முதலாளி முகம் சுளிப்பார். சிலிண்டர் ஹெட் விலையைச் சொன்னால் பேச மாட்டார்.

இப்போது கொமன் ரெயில் எஞ்சின்களும் மேலே ஏறி வரத் தொடங்கிவிட்டன. அங்கே என் பல்பை நான் வெளியிலேயே எடுப்பதில்லை. கம்பியூட்டரின் உள்ளே ஒரு பாதை எரிந்தால் எஞ்சின் விலையில் பாதி போய்விடும். எக்ஸலேட்டர் மிதியே அதில் ஒரு சென்சர்தான். ஆகவே வாங்கும்போது எஞ்சினோடு அதன் கம்பியூட்டர், மிதி, ரிலே பெட்டி, வெட்டாத வயர்க்கட்டு எல்லாம் வர வேண்டும். எஞ்சினைச் சீக்கிரம் கழற்ற வயரைக் குறட்டால் ஒரே வெட்டாக வெட்டித் தருகிற கடைகளும் இருக்கின்றன. விலை குறைவு என்று அதை ஏற்றிக்கொண்டு வருபவர்களிடம் நான் பணம் வாங்குவதில்லை, திருப்பிக் கொண்டுபோய் மாற்றி வரச் சொல்கிறேன். போகும்போதே சுங்கப் பத்திரத்தையும் கேட்டு வாங்கச் சொல்வேன். லொறிப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்றப் போனால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.