ஆறு பக்கமும் பிடிப்பு

வயதான காலத்தில் பலர் ஒடிந்து போவதற்குக் காரணம், ஆயுள் முழுவதும் சேர்த்த பற்றை ஒரே ஆள்மேல் வைத்துவிடுவதுதான். மனைவி போனதும் சோற்றைக் குறைத்துக்கொண்டவர்கள், மகன் அமெரிக்காவில் வீடு வாங்கியதும் திண்ணையை விட்டு எழாதவர்கள் எங்கள் தூத்துக்குடியில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். நெடுங்காலம் வேதியியல் நடத்தியவன் நான். அவர்களுக்கு நான் சொல்ல நினைக்கும் பாடம் ஊரைச் சுற்றியுள்ள உப்பளங்களிலேயே கிடக்கிறது.

வாரிக் குவித்த அம்பாரத்திலிருந்து ஒரு பரலை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள். பக்கங்கள் நேர்நேராக, மூலைகள் சதுரமாக இருக்கும். சில பரல்களின் நடுவில் படி படியாக இறங்கும் சின்னக் குழிகூடத் தெரியும். இந்தச் சதுரத்தின் ரகசியத்தை 1913-இல் எக்ஸ் கதிரைக் கொண்டு அவிழ்த்தவர் லாரன்ஸ் பிராக் என்ற 23 வயது இளைஞர். மேலே, கீழே, முன்னே, பின்னே, இடம், வலம் என ஒவ்வொரு சோடியத்தையும் சுற்றி ஆறு குளோரின். ஒவ்வொரு குளோரினையும் சுற்றி அதேபோல் ஆறு சோடியம். இதற்கு இதுதான் ஜோடி என்று பிரித்துக் காட்டவே முடியாது.

இதை ஒப்புக்கொள்ளாத பெரியவர் ஒருவர் இருந்தார். இங்கிலாந்தின் பேர்பெற்ற வேதியியலர் ஹென்றி ஆம்ஸ்ட்ராங். ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கிலேயே வளர்ந்தவருக்கு, பிராக்கின் கட்டம் போட்ட அடுக்கு அபத்தமாகப் பட்டது. 1927-இல் ‘நேச்சர்’ இதழில் காரசாரமாக எழுதினார். அப்போது அவருக்கு 79 வயது. பிராக் நோபல் பரிசு வாங்கியே 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. உறவு என்றாலே ஒருவருக்கு ஒருவர் என்று நினைக்கும் என் வயதுக்காரர்களைப் பார்க்கும்போது அவர் நினைவு வரும்.

உண்மையில் எந்தப் படிகத்திலும் ஆங்காங்கே ஓர் இடம் காலியாகவே இருக்கும். ஒரு பக்கத்துக் குளோரின் இல்லாத சோடியத்தை மற்ற ஐந்தும் தாங்குகின்றன, பரல் உதிர்ந்துவிடுவதில்லை. இழப்பே வராத வாழ்க்கை யாருக்கும் வாய்க்காது. மீதி ஐந்து பக்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

“இனிமேல் எனக்கு யார் சேருவார்கள்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆறு என்பதும் சோடியத்தின் தலையெழுத்து இல்லையே! 1925-இல் ஜெர்மனியில் கண்டெடுக்கப்பட்ட ரீனியம் என்ற அரிய உலோகம், நான்கு ஆக்சிஜனோடு சேர்ந்தால் பெர்ரீனேட். அதோடு உப்பாகும்போது இதே சோடியத்தைச் சுற்றி எட்டு ஆக்சிஜன் நிற்கின்றன.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் முத்துச்சிப்பியின் ஓட்டைப் பாருங்கள். வெளிப்புறம் சொரசொரப்பு, உள்ளே மினுமினுப்பு. இரண்டும் ஒரே கால்சியம் கார்பனேட்தான். வெளி அடுக்கான கால்சைட்டில் ஒரு கால்சியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன். உள் அடுக்கான அரகோனைட்டில் ஒன்பது. முத்தும் உள் அடுக்கின் சரக்கே. எங்கே எப்படி அடுக்குவது என்பதைச் சிப்பி சுரக்கும் புரதங்கள் பார்த்துக்கொள்கின்றன. 1973-இல் எங்கள் ஊர்ப் பக்கமுள்ள வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் உருண்டை முத்து விளைவித்தபோது, ஓட்டிலிருந்து கடைந்த மணியோடு இன்னொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் உள்ளே வைத்தார்கள். முத்தை அடுக்கியது அந்தச் சதை. இடமும் சூழலும் மாறினால் கால்சியத்துக்கே அண்டை அயல் கூடுகிறது. சென்னையில் மகள் வீட்டு அடுக்ககத்துக்குப் போன மனிதருக்குக் கூடாதா?

எண்ணிக்கை மட்டும் போதாது, பிடிக்கும் விதமும் முக்கியம். உப்பளப் பாத்தியில் நீர் முற்றி, அதன் செறிவைக் காட்டும் போமே மானியில் சுமார் 25 டிகிரி காட்டும்போது உப்பு விழத் தொடங்கும். 29, 30 டிகிரிக்குள் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். “ஏலே, தண்ணி முத்திட்டு! இன்னும் போட்டா உப்பு கசந்துரும், தொறந்து விடு!” என்று கங்காணிகள் சத்தம் போடுவார்கள். அந்தக் கசப்பு மெக்னீசியம். அதுவும் ஆறு பேரைத்தான் சேர்த்துக்கொள்கிறது. ஆறு நீர் மூலக்கூறுகளை. ஆனால் லேசில் விடாது. அது கலந்த உப்பு மழைக்காலத்தில் ஜாடிக்குள் நசநசத்துப் போகும். மெக்னீசியம் குளோரைடைச் சுட்டு அந்த நீரைப் பிரிக்கப் பார்த்தால், அதுவும் சிதைந்து அமிலப் புகையைக் கக்கும். சோடியம் அப்படியல்ல. தண்ணீர் பட்டால் பிரிந்து போகும், வெயில் வந்தால் பழைய ஒழுங்கிலேயே மறுபடி கூடும்.

ஆகவே, எழுபதைத் தொட்டவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுங்கள். மனஸ்தாபத்தில் விட்டுப்போன பழைய கூட்டாளி வீட்டுக்கு நீங்களே முதலில் போங்கள். நூலகத்திலோ கோயிலிலோ தேவாலயத்திலோ பள்ளிவாசலிலோ உங்களை எதிர்பார்க்கும் நாலு முகங்களைத் தேடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் போன் ஒரு வாரம் தள்ளி வந்தால், “ஏன் பேசவில்லை?” என்று கேட்காமல், அந்த வாரம் இங்கே நடந்ததைச் சொல்லுங்கள். சொல்வதற்கு உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். அதற்குத்தான் மற்ற ஐந்து பக்கமும்.