சதுர அடிக் கணக்கும் வடிவமைப்புக் கூலியும்: கீழச்சிவல்பட்டி வட்டாரத்தின் விளம்பரத் தொழிலாளர்கள்

ஊரளவில் நடக்கும் ஒரு தொழிலுக்கு விளம்பர வேலை செய்து தருபவரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் விலையை ஒப்பிட்டுப் பார்த்து முடிக்கப்படும் செயலாகவே இருக்கிறது. அந்த வேலை எங்கே, எவர் கையால், எந்தக் கூலிக் கணக்கில் செய்யப்படுகிறது என்பதை நேரில் அறிந்த பின் எடுக்கப்படும் முடிவாக அது இருப்பதில்லை. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் வட்டத்தில், திருமயத்துக்கும் திருப்பத்தூருக்கும் இடைப்பட்ட சாலையில் உள்ள கீழச்சிவல்பட்டியைக் களமாகக் கொண்டு, அவ்வூர்க் கடைகளின் பெயர்ப்பலகைகளில் தொடங்கி, அவற்றைச் செய்து தரும் பட்டறைகள் வரை சென்று பார்க்கும்போது, தேர்வுக்கான அளவுகோல்கள் விலைப்பட்டியலுக்கு வெளியே இருப்பது தெளிவாகிறது.

கீழச்சிவல்பட்டி செட்டிநாட்டின் நகரத்தார் ஊர்களுள் ஒன்று. பாடுவார் முத்தப்பர் என்னும் புலவரால் பெயர் பெற்ற ஊர். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்று அமைந்த இளையாற்றங்குடியும், கவிஞர் கண்ணதாசன் 1927-இல் பிறந்த சிறுகூடல்பட்டியும் இதன் அண்டையில் உள்ளன. இத்தகைய ஊரில் தொழில் செய்பவருக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். முதல் வகையினர் அன்றாடம் கடைக்கு வரும் ஊராரும் சுற்றுக் கிராமத்தினரும். இரண்டாம் வகையினர் சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்துகொண்டு, திருமணம், படைப்பு, கோயில் திருவிழா ஆகியவற்றுக்காக மட்டும் ஊர் திரும்பும் குடும்பத்தினர். படைப்பு என்பது முன்னோரை நினைந்து பங்காளிகள் கூடி நடத்தும் வழிபாடு. அதற்காகப் பூட்டிக்கிடந்த வீடுகள் திறக்கப்படும் நாட்களில் பலகாரம் செய்வோர், சமையல் ஒப்பந்தக்காரர், பந்தல்காரர், வெள்ளையடிப்போர் என அனைவருக்கும் ஒரே நேரத்தில் வேலை குவிகிறது. தேன்குழலும் மனகோலமும் சீப்புச் சீடையும் செய்து விற்கும் ஒரு சிறு தொழிலுக்கு, ஊர் நிறைந்திருக்கும் வாரங்கள் எவை, தெரு அடங்கிக்கிடக்கும் மாதங்கள் எவை என்பதை அறியாதவர் எவ்வளவு அழகான விளம்பரம் செய்தாலும் அது காலம் தவறியே போய்ச் சேரும்.

இந்த அறிவு மிகுதியாகக் காணப்படுவது, விளம்பரத் தொழில்களில் மிகப் பழையதும் இன்று மிகவும் மெலிந்திருப்பதுமான பெயர்ப்பலகை எழுதும் தொழிலில்தான். தகரத்தைச் சட்டத்தில் அடித்து, துரு ஏறாதிருக்க ரெட் ஆக்சைடு என்னும் செந்நிற அடிப்பூச்சைப் பூசி, அது உலர்ந்த பின் எனாமல் பெயின்டால் தளம் போட்டு, சுண்ணப்பொடி தடவிய நூலை இழுத்துச் சுண்டிக் கோடு பிடித்த பிறகே ஓவியர் தூரிகையை எடுக்கிறார். தமிழ் எழுத்தில் இவ்வேலை எளிதன்று. மேலே புள்ளியும் இகர ஈகார மேல்விலங்குகளும், கீழே உகர ஊகார வளைவுகளும் வருவதால், இரு வரிகளுக்கிடையே விட வேண்டிய இடம் ஆங்கில எழுத்துக்கு விடுவதைவிட அதிகம். அதை விடத் தவறினால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் மோதிக்கொள்ளும். கீழச்சிவல்பட்டி என்னும் பெயரே ஒன்பது எழுத்துகளைக் கொண்டது. அதற்கு முன் கடைப்பெயரும் பின் தொழிற்பெயரும் சேரும்போது, எதைப் பெரிதாக்குவது, எதை அடியில் ஒதுக்குவது என்ற முடிவைத் தூரிகை தொடுமுன் எடுத்தாக வேண்டும். தேர்ந்த ஓவியர் பலகை மாட்டப்போகும் இடத்துக்கு எதிர்ப்புறம் நின்று, ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவருக்கு எது கண்ணில் படும் என்று கணித்து, அதற்கேற்பக் கடைப்பெயரைச் சுருக்கச் சொல்கிறார். சுருக்க மறுக்கும் கடைக்காரரிடம் காரணம் சொல்லி வாதாடவும் செய்கிறார். சந்தைப்படுத்தல் ஆலோசனை என்று இன்று தனிக்கட்டணம் பெறும் பணியின் சாரம் இந்த வாதாட்டத்தில் இருக்கிறது. அதற்கெனத் தனிக்கூலியை எவரும் அவருக்குக் கொடுத்ததில்லை.

பெயர்ப்பலகைக்குச் சட்டத்தின் அளவுகளும் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948-இன்படி பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும். பிற மொழிகளும் இடம்பெற்றால் தமிழ் 5, ஆங்கிலம் 3, மற்ற மொழி 2 என்ற விகிதம் பின்பற்றப்பட வேண்டும். இந்த விகிதத்தைக் கடைக்காரர் கேட்காமலேயே எடுத்துச் சொல்பவரும், கேட்டபோதும் அறியாதவரும் ஒரே வீதியில் தொழில் செய்கிறார்கள்.

அடுத்து நிற்பது ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை. மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டிய மெல்லிய வலைத்துணியின் மேல் ஒளி பட்டால் இறுகும் பசையைப் பூசி, வேண்டிய உருவம் நீங்கலாக மற்ற இடங்களை ஒளியால் இறுகச் செய்து, இறுகாத பகுதியைக் கழுவி எடுத்தால் உருவத்தின் வடிவில் வலைக்கண்கள் திறந்து நிற்கும். அதன் வழியே ரப்பர்க் கட்டையால் மையை வழித்துத் துணியிலோ தாளிலோ பதிப்பதே இம்முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிச் சட்டம் தேவைப்படுவதால், இரண்டு நிறங்களுக்குள் ஒரு கடையின் அடையாளத்தை அடக்கத் தெரிந்தவரே இங்குத் திறமையாளர். தமிழ்நாட்டுத் துணிக்கடைகளின் மஞ்சள் பை இம்முறையின் நெடுங்காலப் படைப்பு. கல்யாணத் தாம்பூலத்துக்கு வழங்கப்பட்டு, பின் வீட்டில் பருப்பும் காய்கறியும் சுமந்து, பல ஆண்டுகள் கடைப்பெயரை ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் அதற்கு இணையான நீடித்த விளம்பரம் சிறு தொழிலுக்கு வேறு அமைந்ததில்லை. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது நெகிழியைக் குறைக்கும் நோக்கத்தில் என்றாலும், பைக்கும் அதைப் பதிப்பவருக்கும் அது மீண்டும் ஒரு மதிப்பைத் தந்தது.

பிளெக்ஸ் கடைக்குள் நுழையும்போது தொழிலின் கணக்கு மாறிவிடுகிறது. பிளெக்ஸ் என்பது பாலியஸ்டர் இழையின் மேல் பி.வி.சி. பூசிய விரிப்பு, கணினியில் அமைத்த படத்தை எந்திரம் அதன்மேல் நேரடியாக அச்சிட்டுவிடுகிறது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் இது பரவியபோது பெயர்ப்பலகை ஓவியர்களில் பலர் தொழிலை விட்டனர். சிலர் தூரிகையை வைத்துவிட்டுக் கணினியின் முன் அமர்ந்தனர். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் மங்கி, நீலம் மட்டும் எஞ்சி நிற்கும் பழைய பலகைகளை இவ்வட்டாரச் சாலைகளில் எளிதாகக் காணலாம். ஒரு கடையின் மை எத்தகையது என்பதை அறிய, அக்கடையின் மாதிரிப் புத்தகத்தைப் புரட்டுவதைவிட, அவர்கள் முன்பு மாட்டிய பலகையைத் தெருவில் போய்ப் பார்ப்பது நம்பத்தக்க வழி. சாலையோரப் பேனர்களின் கேடு என்ன என்பதை 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்ததில் சுபஸ்ரீ என்னும் இளம்பெண் லாரியில் சிக்கி இறந்த நிகழ்வு மாநிலம் முழுவதற்கும் உணர்த்தியது. அனுமதி பெறாமலே எங்கும் கட்டித் தருவதாகச் சொல்லும் எந்த விளம்பரக்காரரையும் அந்த ஒரு காரணத்துக்காகவே விலக்க வேண்டும்.

பிளெக்ஸ் கடையின் ஆழமான குறை வேறொன்று. அங்கே விலை சதுர அடிக்கு; வடிவமைப்பு இலவசம். வாடிக்கையாளர் அருகில் நாற்காலி போட்டு உட்கார, வடிவமைக்கும் தொழிலாளி சில நிமிடங்களில் பின்னணிப் படம் ஒன்றை எடுத்து, பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாற்றி, அச்சுக்கு அனுப்பிவிடுகிறார். எந்திரம் காத்திருக்கும்போது சிந்திக்க நேரம் எடுத்துக்கொண்டால் அவருக்கு இழப்பே தவிர வரவு இல்லை. அவருடைய திறமைக் குறைவாக இதைக் கருதுவது பெரும் தவறு. சிந்தனைக்குக் கூலி இல்லாத ஒரு கணக்கு, சிந்திக்கத் தெரிந்தவரையும் படியெடுப்பவராக மாற்றிவிடுகிறது. ஒரே படத்தில் பெயரை மட்டும் மாற்றும் ஒழுங்கு நாட்காட்டித் தொழிலிலும் முன்பு இருந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் பெருமளவில் அச்சிடப்பட்டன. எந்த ஊர் மளிகைக்கடையும் அடியில் தன் பெயரைச் சேர்த்துப் பெற்றுக்கொண்டது. ஆனால் அங்கே மூலப்படத்தை வரைய ஓர் ஓவியர் தன் முழு உழைப்பையும் செலுத்தியிருந்தார். அந்த வேறுபாடு சிறியதன்று.

பெருநகர விளம்பர நிறுவனங்களும் இக்கணக்கிலிருந்து விலகி நின்றவை அல்ல. செய்தித்தாளில் இடம் வாங்கித் தருவதற்காக விளம்பரக் கட்டணத்தில் 15 விழுக்காட்டைக் கழிவாகப் பெறுவது நெடுங்காலம் அவற்றின் வழக்கம். வாசகம் எழுதுவதும் படம் வரைவதும் அக்கழிவுக்குள் அடங்கின. 1973-இல் ஆர்.கே. சுவாமி சென்னையில் தம் பெயரில் விளம்பர நிறுவனம் தொடங்கிய காலத்திலும் தொழிலின் பொது ஒழுங்கு இதுவே. இடம் பெரிதானால் வருமானம் பெரிதாகும் என்ற அமைப்பு, சிறிய இடமே போதும் என்று சொல்லும் நேர்மைக்குப் பரிசளிப்பதில்லை. இணைய விளம்பரத்தில் செலவழிக்கும் தொகையின் விழுக்காட்டைக் கட்டணமாகக் கேட்கும் இன்றைய நிறுவனங்களிடமும் இதே இடர் இருக்கிறது.

காரைக்குடி போன்ற நகரங்களில் இப்போது டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்ற பெயரில் இளைஞர்கள் நடத்தும் சிறு நிறுவனங்களைப் பார்க்க முடிகிறது. படம் பிடித்தல், காணொளி வெட்டித் தொகுத்தல், சமூக வலைத்தளப் பக்கம் நடத்துதல், கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்தல் ஆகியவை இவர்களின் பணிகள். இவர்களிடம் செல்லும் உரிமையாளர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றுள் முதன்மையானது உடைமை பற்றியது. இணைய முகவரி எவர் பெயரில் பதிவாகிறது, பக்கத்தின் கடவுச்சொல் எவரிடம் இருக்கும், திருத்தக்கூடிய மூலக்கோப்பு கொடுக்கப்படுமா என்பவற்றை எழுத்தில் பெறாத பலர், நிறுவனத்தை மாற்றும் நாளில் தம் கடையின் பெயரையே விலை கொடுத்து மீட்கும் நிலைக்கு ஆளாகிறார்கள். அச்சகங்களில் சி.டி.ஆர். கோப்பு என்று வழங்கும் கோரல்டிரா கோப்பே அந்த மூலம். வாட்ஸ்அப்பில் வரும் படம் அதன் நிழல் மட்டுமே. தமிழ் எழுத்துருவிலும் ஒரு சிக்கல் உண்டு: பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைத்த வாசகம் அச்சில் சரியாகத் தெரிந்தாலும், இணையத்தில் ஒட்டும்போது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும். யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டதால், வாசகங்களை அம்முறையிலும் தரும்படி கேட்பது உரிமையாளரின் நியாயமான உரிமை.

வெளியூர் நிறுவனங்கள் செட்டிநாட்டுத் தொழில்களுக்குச் செய்து தரும் வடிவங்களில் ஒரு தேய்வு வெளிப்படையாகத் தெரிகிறது. தேக்கு நிலைக்கதவு, கருங்கல் தூண், ஆத்தங்குடித் தரைக்கல், சிவந்த மிளகாய் ஆகிய நான்கைக் கொண்டே உணவகத்துக்கும் நகைக்கடைக்கும் வீட்டுமனை விற்பனைக்கும் படம் அமைத்துவிடுகிறார்கள். உலகெங்கும் செட்டிநாடு என்ற பெயர் உணவகப் பலகைகளில் இருக்கும்போது, செட்டிநாட்டுக்குள்ளேயே இருக்கும் கடைக்கு அப்படங்கள் எந்த வேறுபாட்டையும் தருவதில்லை. இடத்தை அறிந்த விளம்பரத்துக்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு: 1983-இல் கடலூரில் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பு, ஊர் ஊராக ஆட்களை அனுப்பி, சிறுவர்களின் தலையில் நேரிலேயே தேய்த்து அலசிக் காட்டி மக்களின் ஐயத்தைப் போக்கியது. அங்கே விற்றது படத்தின் அழகன்று. வாங்குபவரின் தயக்கம் எது என்று கண்டறிந்த அறிவு.

உண்மையின் எல்லையும் தேர்வின் ஒரு பகுதி. காரைக்குடி கண்டாங்கிச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதாவது குறிப்பிட்ட நிலப்பகுதியில் மரபு முறையில் நெய்யப்பட்டதற்கே அப்பெயர் உரியது என்ற சட்டப் பாதுகாப்பு அதற்கு உண்டு. விசைத்தறிச் சேலைக்கு அப்பெயரைச் சூட்டலாம் என்று யோசனை கூறும் விளம்பரக்காரர் நெசவாளியின் சோற்றில் கை வைக்கிறார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தயாரிப்பாளர் மீது 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் தண்டம் விதிக்க இடமுண்டு. பலகார உறையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணை அச்சிட நினைவூட்டுபவர், பொன்னெழுத்தில் பெயரை அச்சிட்டுத் தருபவரைவிட மேலானவர்.

இத்தனையையும் சேர்த்துப் பார்க்கும்போது, கீழச்சிவல்பட்டியில் தொழில் செய்பவர் முதலில் நாட வேண்டியது, பேருந்து எட்டும் தொலைவில் பட்டறை வைத்திருந்து, கடைக்கு நேரில் வந்து, யார் வாங்குகிறார்கள், எந்த மாதத்தில் வாங்குகிறார்கள், வாங்காமல் போகிறவர் ஏன் போகிறார் என்று மாதிரிகளைக் காட்டுவதற்கு முன்பே வினவுகிறவரைத்தான். கடல் கடந்த வாடிக்கையாளரை எட்ட வேண்டியிருந்தால் மட்டும் இணையப் பணிக்கு நகர நிறுவனத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அப்படி நேரில் வந்து வினவுகிறவர் கிடைக்கும்போது, தொழில் உரிமையாளர்கள் ஒன்றைத் தயங்காமல் செய்ய வேண்டும்: அச்சுக்கும் பலகைக்கும் தரும் தொகையோடு கலக்காமல், வடிவமைப்புக்கெனத் தனிக்கூலியை முன்னதாகப் பேசி, அதைப் பட்டியலில் தனி வரியாக எழுதச் செய்து கொடுக்க வேண்டும்.