கெண்டிக்கு வந்த சோதனை

சரிவான குறுகிய சந்து. ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பழைய சுட்டமண் குழாய்கள். எதிர்ப்பக்கம் சாராய ஜாடிகள். காலடியிலும் சூளைக் கழிவுதான், மழையில் வழுக்காமலிருக்கப் பதித்தது. ஜப்பானில், நகோயாவுக்குத் தெற்கே கடலோரம் இருக்கிற டோக்கோனாமேயில் உடைந்த மண்ணும் வீணாவதில்லை.

நாட்டின் ஆறு பழம்பெரும் சூளை ஊர்களில் இது ஒன்று. சாக்கடைக் குழாய் செய்து செழித்தது. பிளாஸ்டிக் குழாய் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. 1887-ல் கட்டிய, பத்து புகைபோக்கிகள் கொண்ட ஏறுசூளை 1974-ல் கடைசியாக எரிந்தது; இன்று அது காட்சிப்பொருள். நிலைத்தது 'க்யூசு' எனும் சிறிய தேநீர்க் கெண்டி.

1878-ல் சீனாவிலிருந்து வந்த ஒருவர் ஈஷிங் ஊர்க் கெண்டி செய்யும் முறையை இங்கே கற்றுக்கொடுத்தார். இன்று உடல், மூக்கு, பிடி, மூடி, உள்ளே சல்லடை என ஒவ்வொன்றையும் தனித்தனியே செய்து, பாதி காய்ந்த பதத்தில் ஒட்டுகிறார்கள். பிடி மூக்குக்கு எதிரே இல்லை, பக்கவாட்டில் நிற்கிறது. ஒரே கையால் பிடித்து, கட்டைவிரலால் மூடியை அழுத்திச் சாய்க்கலாம். சுட்ட பிறகு மூடியையும் வாயையும் பொடி இட்டுத் தேய்த்துப் பொருத்துகிறார்கள். ஒரு கெண்டியின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. சிவப்புக் கெண்டிக்கு மெருகு பூசுவதில்லை. மண்ணிலுள்ள இரும்புதான் நிறம் தருகிறது. பச்சைத் தேநீரின் துவர்ப்பை அந்த மண் தணிக்கும் என்பது குயவர்களின் நம்பிக்கை.

வேலை நடப்பது பெரும்பாலும் குடும்பப் பட்டறைகளில். தொழிலோடு பெயரும் அங்கே பரம்பரைச் சொத்து. மூன்றாம் யமாடா ஜோசானுக்கு 1998-ல் 'வாழும் தேசியப் பொக்கிஷம்' என்ற கௌரவம் கிடைத்தது. 2005-ல் அவர் மறைந்தபின் மகன் நான்காம் ஜோசான் ஆனார்.

பெயரை ஏற்க மகன் இருந்தால் போதுமா? கெண்டியை வாங்க ஆள் வேண்டும். 1990-ல் பச்சைத் தேநீர் பிளாஸ்டிக் பாட்டிலில் வந்தது. தெருமுனை இயந்திரத்தில் காசு போட்டால் குளிர்ந்த தேநீர் விழுகிறது. இலையை ஊறவைத்து, கடைசிச் சொட்டுவரை ஊற்ற யாருக்குப் பொறுமை? க்யூசு இல்லாத வீடுகள் பெருகின. இப்போது வெளிநாட்டுத் தேநீர்ப் பிரியர்களும் தேடி வாங்குவது பட்டறைகளுக்கு ஓர் ஆறுதல்.

குழாயை வீழ்த்திய அதே பிளாஸ்டிக்தான் கெண்டியையும் துரத்துகிறது. ஆனால் சாக்கடைக் குழாயில் யாரும் ருசி பார்க்கவில்லை. கெண்டியில் பார்க்கிறார்கள். டோக்கோனாமேக் குடும்பங்கள் நம்பியிருப்பது அதைத்தான்.