வேலி தெரியாத மிருகக்காட்சிச்சாலை

சிறு பிள்ளைகளோடு வெளிநாட்டுப் பயணம் என்றாலே தாய்மார் பலர் தயங்குவதுண்டு. உயர்ந்த கட்டிடங்களும் கடைத்தெருக்களும் பெரியவர்களுக்குத்தான் புதினம். பிள்ளைகளுக்குக் கால் வலியும் சிணுங்கலுமே மிஞ்சும். 2023ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரில் மூன்று நாட்கள் தங்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தபோது, "ஒரு பகலைப் பிள்ளைகளுக்கென்றே வைத்துவிடுங்கள்" என்று என் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டார். பத்து வயது மகன், ஆறு வயது மகள், தள்ளுவண்டியில் இரண்டு வயதுச் சின்னவன், நாங்கள் இருவர் என ஐந்து பேராக மண்டாய் மிருகக்காட்சிச்சாலைக்குப் புறப்பட்டோம்.

அங் மோ கியோ ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்து 138ஆம் இலக்க பஸ் வாசலுக்கே கொண்டுபோய் விடுகிறது. நீர்த்தேக்கமொன்றின் கரையில், மழைக்காட்டின் நடுவே, சுமார் 28 ஹெக்டயர் பரப்பில் அமைந்திருக்கிறது இந்த இடம். 1973 ஜூன் 27ஆம் திகதி இது திறக்கப்பட்டது. நம் நாட்டவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. இதனைத் திட்டமிடுவதற்கு விசேட ஆலோசகராக அழைக்கப்பட்டவர், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலையின் பணிப்பாளராக இருந்த லின் டி அல்விஸ் அவர்களே. இதைக் கேட்டதும் மகனின் நடையிலேயே ஒரு மிடுக்கு வந்துவிட்டது. "அப்படியென்றால் இது எங்கள் ஆள் கட்டியதா வாப்பா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டான்.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் படுவது, கண்ணில் படாத வேலிகள்தான். கம்பிக் கூடுகள் மிகக் குறைவு. மிருகத்துக்கும் நமக்கும் இடையில் அகழி ஒன்று இருக்கும். அதைச் செடி கொடிகள் மறைத்திருக்கும். ஒவ்வொரு மிருகமும் எவ்வளவு தூரம் பாயும், மரம் ஏறுமா, நீந்துமா என்பதையெல்லாம் அறிந்து, அதற்கேற்ப அகழியின் அகலமும் ஆழமும் வைக்கப்பட்டிருக்கின்றன. சில இடங்களில் தண்ணீர் அகழி, சில இடங்களில் வெறும் பள்ளம், சில இடங்களில் தடித்த கண்ணாடி. சிங்கத்தைக் கண்ட மகள், நடுவில் ஒன்றுமே இல்லையென்று எண்ணி உம்மாவின் அபாயாவுக்குள் ஒளிந்துகொண்டாள். அகழியைக் காட்டிக் கொடுத்த பின்னர்தான் முகத்தை வெளியே நீட்டினாள்.

பிள்ளைகளை அதிக நேரம் கட்டிப்போட்டது ஒராங் ஊத்தான் குரங்குகள். மலாய் மொழியில் 'ஒராங்' என்றால் மனிதன், 'ஊத்தான்' என்றால் காடு. போர்னியோ, சுமாத்திரா ஆகிய இரு தீவுகளின் காடுகளில் மட்டுமே இவை இயற்கையாக வாழ்கின்றன. தாய்க் குரங்கு ஒரு குட்டியை ஈன்றால் அடுத்ததற்குப் பெரும்பாலும் ஏழெட்டு வருடங்கள் செல்லும். அவ்வளவு காலமும் குட்டி தாயைப் பிரிவதில்லை. எந்தப் பழத்தை உண்பது, இரவில் கிளைகளை வளைத்துப் படுக்கை கட்டுவது எப்படி என்பதையெல்லாம் தாயிடமே கற்றுக்கொள்கிறது. "எனக்கு இரண்டு வருடமே போதும் என்று இருக்கிறது" என்று சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி மனைவி சிரித்தார். ஆனால் அந்தக் குட்டியை வீட்டில் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்காகத் தாயைக் கொன்றே குட்டியைப் பிடிக்கிறார்கள் என்று சொன்னதும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. எண்ணெய்ப் பனைத் தோட்டங்களுக்காகக் காடுகளை அழிப்பதும் இவற்றின் தொகை குறைய ஒரு காரணம். இங்கு பல்லாண்டுகள் புகழோடு வாழ்ந்த 'ஆ மெங்' என்ற ஒராங் ஊத்தானும் ஒரு குடும்பம் சட்டவிரோதமாக வளர்த்து வந்து, 1971இல் மீட்கப்பட்டதுதான். அது 2008இல் இறந்தபோது அஞ்சலி செலுத்த ஆயிரக்கணக்கானோர் திரண்டார்களாம்.

பெரிய வலைக் கூடாரம் போன்ற ஒரு காட்டுக்குள் நாமே நுழைந்து நடக்கலாம். தலைக்கு மேலே, கை நீட்டினால் எட்டும் உயரத்தில் பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்குகின்றன. காலடியில் சருகுமான் ஓடுகிறது. அதன் உறவினம் நமது காடுகளிலும் உண்டு. இன்னொரு பக்கத்தில் எத்தியோப்பிய மலைச் சரிவு போன்ற பாறைகளில் ஒரு குரங்குக் கூட்டம். ஆண் குரங்குகளுக்குத் தோளில் வெள்ளிப் போர்வை போன்ற முடி. அரபு நாட்டின் தாயிஃப் மலைப்பாதையில் போனவர்கள் இதே இனத்தைக் கண்டிருப்பார்கள்.

நண்பகலில் கொட்டிய மழையில் ஒரு கூரைக்குக் கீழே ஒதுங்கினோம். சிங்கப்பூரில் உணவு பற்றிப் பெரிதும் அஞ்சத் தேவையில்லை. 'முயிஸ்' எனப்படும் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்றிதழ் தொங்குகிறதா என்று பார்த்து வாங்கலாம். பயணிகளுக்குரிய சலுகைப்படி, ளுஹரையும் அஸரையும் தங்குமிடம் திரும்பிச் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம்.

மழை விட்டதும் மகள் கேட்டாள், "வெள்ளைக் கரடி எங்கே?" உறவினர் ஒருவர் முன்னர் கொண்டு வந்த கையேட்டில் அதன் படத்தைப் பார்த்திருக்கிறாள். 'இனுக்கா' என்ற அந்தத் துருவக் கரடி 1990 டிசம்பரில் இங்கேயே பிறந்தது. வெப்ப வலயத்தில் பிறந்த முதல் துருவக் கரடி அதுதான். பனியைக் காணாமலே வளர்ந்தது. 2004இல் அதன் முடிக்குள் பாசி படர்ந்து உடல் பச்சையாகிவிட்டது. 2013இல் குளிரூட்டிய புதிய இருப்பிடம் அமைத்துக் கொடுத்தார்கள். முதுமையின் நோய்களால் மிகவும் தளர்ந்துபோன அதனை, 2018 ஏப்ரலில் வேதனையில் விடாமல் மருத்துவர்கள் உறங்கச் செய்தார்கள். இனி இங்கு துருவக் கரடி வளர்ப்பதில்லை என்பது நிர்வாகத்தின் முடிவு.

இதைக் கேட்டுவிட்டு மகன் வெகுநேரம் பேசவில்லை. கிளி ஒன்று வாங்கித் தாருங்கள் என்று மாதக் கணக்காக நச்சரித்து வந்தவன் அவன். திரும்பும் பஸ்ஸில்தான் வாய் திறந்தான்.

"கூட்டில் வைப்பது பாவமா வாப்பா?"

ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. நபிகளார் காலத்தில் அபூ உமைர் என்ற சிறுவன் சின்னக் குருவியொன்றை வைத்து விளையாடினான். அது இறந்தபோது பெருமானார் அவனிடம் அன்போடு விசாரித்தார்கள். பறவை வளர்ப்பது ஆகும் என்பதற்கு அறிஞர்கள் இதை ஆதாரமாகக் காட்டுவர். பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானாக இரை தேடவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தியும் நம்மிடம் உண்டு. இரண்டையும் சொன்னேன். "வளர்க்கலாம். ஆனால் அதற்கு வேண்டியது என்ன என்று அறிந்து, அதை முழுமையாகக் கொடுக்க நம்மால் முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்" என்றேன்.

"கிளிக்கு என்ன வேண்டும்?"

"பறக்க இடம்" என்றாள் மகள், என்னை முந்திக்கொண்டு.

மனைவிதான் வழி சொன்னார். "கூட்டுக்குக் கொடுக்கும் காசில் முற்றத்தில் கொய்யாக் கன்று நடுவோம் மகன். காய்த்தால் கிளி தானாக வரும்." எத்தனை வருடம் செல்லும் என்று அவன் கேட்டான். இரண்டு மூன்று வருடம் என்றதும் முகம் சற்று வாடியது. பிறகு, "இரண்டு கன்று நடுவோம்" என்றான்.

போக எண்ணும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள். காலை 8.30க்குத் திறந்ததுமே உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறுமுன் பாதி பார்த்துவிடலாம். மெல்லிய பருத்தி உடையும் மழை அங்கியும் அவசியம். தங்குமிடத்தின் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் வைத்துவிடுங்கள். பக்கத்திலுள்ள இரவுச் சபாரிக்கும் பறவைப் பூங்காவுக்கும் தனித்தனி டிக்கட் வேண்டும். பழைய ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டு மண்டாய்க்கு வந்துவிட்டது. அங்கே போய் ஏமாற வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முயலாதீர்கள். பிள்ளைகள் ஒரு மிருகத்தின் முன் எவ்வளவு நேரம் நிற்க விரும்புகிறார்களோ, அவ்வளவு நேரம் நிற்க விடுங்கள். கேள்விகள் அங்கேதான் பிறக்கின்றன.