குளூனி நோக்கி ஒரு மிதிவண்டிப் பயணம்



பிரான்ஸ் நாட்டில் இரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டுக் கைவிடப்பட்ட தடங்கள் பல உண்டு. தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துவிட்டு, அதே தடத்தைச் செப்பனிட்டு, நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் மட்டும் என ஒதுக்கியிருக்கிறார்கள். மோட்டார் வாகனம் எதற்கும் அங்கே அனுமதி இல்லை. ‘வுவா வேர்த்’ என்பது அதன் பெயர். பசுமைப் பாதை என்று பொருள். பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரி என்ற ஊருக்கும் குளூனி என்ற ஊருக்கும் இடையே 44 கிலோமீட்டர் நீளத்தில் 1997ல் திறக்கப்பட்ட பாதையே இவற்றுள் முதலாவது என்கிறார்கள். பின்னர் அது தெற்கே மாக்கோன் நகரின் விளிம்பு வரை நீட்டிக்கப்பட்டது. ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிய விடுமுறையில், என் ராத்தாவின் மகனுடன் இந்தப் பாதையில் இரண்டு நாட்கள் பயணம் செய்யும் வாய்ப்பை அல்லாஹ் எனக்கு அருளினான்.

சுற்றிலும் காடு அடர்ந்த குன்றுகள். ஆனால் பாதையோ ஏறுவதே தெரியாமல் ஏறுகிறது. காரணம் எளிது. புகைவண்டியால் செங்குத்தான ஏற்றம் ஏற இயலாது. ஆகவே அன்றைய பொறியாளர்கள் மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தை மண்ணிட்டு உயர்த்தினார்கள், இரண்டுக்கும் வழியில்லாத இடத்தில் மலையைக் குடைந்தார்கள். இரும்பு இயந்திரத்துக்காக அவர்கள் பட்ட பாட்டின் பயனை, நாற்பத்தாறு வயதான என் முழங்கால்கள் அனுபவித்தன. அல்ஹம்துலில்லாஹ்.

ராத்தாவின் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல். காரைக்கால், புதுவைப் பகுதியினருக்கு இது புதிய செய்தியன்று. 1962ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களுள் மச்சானின் குடும்பமும் ஒன்று. பாரிஸின் புறநகரில் அவர்கள் வாழ்கிறார்கள். மருமகனுக்குப் பத்தொன்பது வயது. தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது.

மாக்கோனை ஒட்டிய சார்னேயில் காலையில் புறப்பட்டோம். முதல் பத்துக் கிலோமீட்டரும் திராட்சைத் தோட்டங்கள்தாம். அவ்வளவும் எதற்காக விளைகின்றன என்பது நமக்குத் தெரியும். ஷார்டனே என்ற பெயரிலேயே இப்பகுதியில் ஒரு கிராமம் இருக்கிறது. “கண்ணுக்கு அழகு, நமக்குப் பயனில்லை” என்றேன். “ஏன் மாமா, அரபிகள் செய்வதுபோல் இலையில் சோற்றைப் பொதிந்து சாப்பிடலாமே” என்றான் அவன்.

பாதையிலிருந்து சற்று விலகி மேலேறினால் மில்லி என்ற சிற்றூர். இன்று அதன் பெயர் மில்லி-லமார்ட்டின். நம் மீலாது மேடைகளில் உரை கேட்டவர்கள் இந்தப் பெயரைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். நபி (ஸல்) அவர்களின் மாண்பை வியந்து போற்றிய பிரெஞ்சுக் கவிஞர் அவர். 1790ல் மாக்கோனில் பிறந்து, இந்த மில்லியில் வளர்ந்தார். நாம் மேடையில் சொல்லும் அந்தப் புகழுரை, 1854ல் வெளிவந்த அவருடைய துருக்கி வரலாற்று நூலில் உள்ளது. அதே மனிதர் 1848ல் பிரெஞ்சுத் தற்காலிக அரசில் வெளியுறவு அமைச்சராக இருந்தார் என்பதையும், அந்த அரசுதான் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது என்பதையும் நம் மேடைகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. முதுமையில் கடன் கழுத்தை நெரிக்க, அதை அடைப்பதற்காகவே நூல் மேல் நூலாக எழுதிக் குவித்தார். அப்படியும் தீராமல் 1860ல் இந்த மில்லி வீட்டை விற்றார். ஒரு பத்தியை மட்டும் வெட்டியெடுத்து வைத்துக்கொண்டு எழுதியவரை விட்டுவிடுவது அறிவுக்குச் செய்யும் மரியாதையாகாது என்பது என் கருத்து.

மில்லியிலிருந்து இறங்கி மீண்டும் பாதையில் சேர்ந்தால், பெர்ஸே-லெ-ஷாத்தெல் கோட்டை குன்றின்மேல் தெரிகிறது. பிறகு காடு. பிறகு புவா-க்ளேர் குகைப்பாதை. நீளம் 1.6 கிலோமீட்டர். வெளியே ஜூன் மாத வெயில். உள்ளே நுழைந்ததும் மேலங்கியைத் தேடினோம். மருமகன் எதிரொலிக்காகவே “மாமா!” என்று கூவினான், மலை முழுவதும் என்னை மாமா என்று அழைத்தது. பாரிஸிலிருந்து எங்களைச் சுமந்து வந்த அதிவேக இரயிலும் இதே மலைத்தொடரைத்தான் கடக்கிறது. அதில் வந்தபோது இப்படியொரு மலை இருப்பதையே நான் அறியவில்லை.

மறுபுறம் வெளிப்பட்டால் குளூனிப் பள்ளத்தாக்கு. 910ல் நிறுவப்பட்ட கிறிஸ்தவத் துறவி மடம் ஒன்று இந்த ஊரின் அடையாளம். 1088ல் அவர்கள் கட்டத் தொடங்கிய தேவாலயம், ரோமில் இன்றுள்ள புனித பேதுரு தேவாலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகிலேயே பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அதை விற்று, கல் கல்லாக உடைத்தெடுத்துவிட்டார்கள். எஞ்சி நிற்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இவற்றையெல்லாம் பள்ளியில் படித்திருந்த மருமகன் எனக்கு விளக்கினான். அவன் அறியாத ஒன்றை நான் சொன்னேன்.

திருக்குர்ஆனை முதன்முதலாக இலத்தீனில் முழுமையாக மொழிபெயர்க்கச் செய்தவர் இந்த மடத்தின் தலைவர் பீட்டர் என்பவர். 1142ல் ஸ்பெயினுக்குச் சென்றிருந்தபோது அப்பணியை ஒப்படைத்தார். 1143ல் அது முடிந்தது. மொழிபெயர்த்தவர் கெட்டன் ஊர் இராபர்ட். நோக்கம் மறுப்பதே, தலைப்பிலேயே நபிகளாரை இழித்துரைத்த நூல் அது. சிலுவைப் போர்களின் அந்தக் காலத்தில், தாம் ஆயுதத்தால் அன்றிச் சொல்லால் அணுகுவதாக பீட்டர் எழுதினார் என்பதும் உண்மை. நானூறு ஆண்டுகளுக்குப் பின், 1543ல், பாசெல் நகரில் அந்த மொழிபெயர்ப்பு அச்சேறியது. அக்குழுவில் முஸ்லிம் ஒருவரும் இருந்தார். பெயர் முஹம்மது. அதற்கு மேல் அவரைப் பற்றிய செய்தி இல்லை.

“அவர் ஏன் அவர்களோடு வேலை செய்தார்?” என்று மருமகன் கேட்டான்.

“கூலிக்காக இருக்கலாம். பொருள் பிறழாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணியும் இருக்கலாம்.”

சற்று நேரம் இடிந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். “வகுப்பில் இஸ்லாம் என்று பாடம் வந்தால் எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். ஆசிரியர்கூடப் பார்ப்பார். அந்த முஹம்மது நான்தான் மாமா” என்றான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். “இவன் எங்கள் பேச்சைக் கேட்பதில்லை தம்பி, நீதான் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்” என்று ராத்தா என்னிடம் கேட்டிருந்தார். சொல்வதற்கு என்னிடம் நிறையவே இருந்தன. இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருபவன் நான். ஆனால் அங்கே, “அப்போது நீ என்ன செய்வாய்?” என்று மட்டுமே கேட்டேன்.

“தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்பேன். உடனே சிரிப்பார்கள்.”

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் தொலைவிலிருந்து ஒருவர் பல கேள்விகளைச் சுமந்து வந்ததையும், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு இமாம் அவர்கள் தெரியாது என்றே விடையளித்ததாக நூல்களில் வருவதையும் சொன்னேன். “அவரைப் பார்த்துச் சிரித்தார்களா?” என்றான். வந்தவர் ஊருக்குத் திரும்பி என்ன சொல்வது என்று திகைத்தார், மாலிக் தெரியாது என்றார் என்றே போய்ச் சொல் என அனுப்பினார்கள் என்றேன். அதற்குச் சிரித்தவன் அவன்தான்.

மறுநாள் குளூனியிலிருந்து வடக்கே. வேலியிட்ட புல்வெளிகளில் ஷரொலே இனத்து வெண்ணிற மாடுகள், தெஸே, கோர்மத்தான் மாளிகை, பயணிகள் வராத பழைய நிலையக் கட்டடங்கள். ஒரு நிலையத்தின் பின்புறம் மர நிழலில் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். அந்நாட்களில் மஃக்ரிப் இரவு ஒன்பதரை மணிக்குத்தான். எனவே அவசரப்படாமல் மிதித்து, மாலையில் ஜிவ்ரியை அடைந்தோம்.

பிரான்ஸில் உறவினர் உள்ளவர்கள் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அச்சமின்றிச் செல்லலாம். குளிர்காலத்தில் மட்டும், வௌவால்கள் உறங்குவதற்காகக் குகைப்பாதையை மூடிவிடுவார்கள். அப்போது கணவாய் வழியே மலையேற வேண்டும். மருமகன் அடுத்த முறை தன் உம்மாவையும் அழைத்து வர வேண்டும் என்கிறான். ராத்தா மிதிவண்டி ஓட்டியதே இல்லை. வீட்டின் பின்புறமுள்ள பூங்காவில் அவன் இப்போது சொல்லிக் கொடுத்து வருகிறானாம்.