டிராகனுக்கு சப்போர்ட் எங்கே?

"டேய், நீ தாத்தா வீட்டுக்குப் போறியா, படம் வரையப் போறியா?"

வெள்ளிக்கிழமை ராத்திரி, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ரூம்மேட் போனில் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். தோளில் ஒரு பை, அதில் ரெண்டே ரெண்டு டி-ஷர்ட். கையில் மட்டும் கதவு சைஸுக்கு ஒரு ஃபைல். உள்ளே ஏ3 அட்டை. செவ்வாய்க்கிழமை காலைக்குள் காலேஜ் ஃபெஸ்ட்டுக்கு ஒரு படம் கொடுத்தாகணும். தலைப்பு 'ஃபேன்டஸி'. கண்டிஷன்: கறுப்பு இங்க் மட்டும். கலர் கூடாது, கம்ப்யூட்டர் கூடாது.

இன்னொரு பக்கம் அம்மாவோட ஆர்டர். "தாத்தாவுக்குக் கை நடுக்கம் ஜாஸ்தியாயிடுச்சு. அஞ்சு மாசமா நீ எட்டிக்கூடப் பார்க்கலை. இந்த வாரம் ஸ்ரீரங்கம் போயே ஆகணும்."

ரெண்டையும் ஒரே டிக்கெட்டில் முடிச்சுடலாம்னு கிளம்பிட்டேன். தாத்தாவைப் பார்த்த மாதிரியும் ஆச்சு, மாடியில் உட்கார்ந்து வரைஞ்ச மாதிரியும் ஆச்சு. எவ்வளவு பெரிய சுயநலம்னு அப்போ தோணலை.

விடியற்காலை திருச்சி. சத்திரம் வழியா ஸ்ரீரங்கம் போற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடிச்சு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காவிரிப் பாலத்தில் ஏறினதும் தூக்கம் போச்சு. ஆடி மாசம். ஆறு நிறையத் தண்ணி. திரும்பிப் பார்த்தா மலைக்கோட்டை, முன்னாடி பார்த்தா தென்னந்தோப்புக்கு மேல ராஜகோபுரம். திருச்சிக்காரங்களுக்கு இது தினமும் பார்க்கிற சமாச்சாரம். எனக்கு ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு ஃபேன்டஸி படத்துக்கு செட் போட்டு வெச்ச மாதிரிதான் இருக்கும்.

ஸ்ரீரங்கம் பார்க்காதவங்களுக்காக ஒரு மினி ஜியாகரபி. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஒரு தீவு. அதில் 156 ஏக்கரில் ஒரு கோயில். ஏழு சுற்று மதில், 21 கோபுரம். உள் சுற்றுகளில் சன்னதிகள், மண்டபங்கள். வெளிச் சுற்றுகளில் வீடுகள், இட்லிக் கடை, ஜெராக்ஸ் கடை, டியூஷன் சென்டர். பல்லு விளக்கிட்டு வாசலுக்கு வந்தா எதிரே ஒரு கோபுரம் நிற்கும். எங்க தாத்தா வீடு அப்படித்தான். கீழச் சித்திரை வீதி.

அம்மாயி காபி கொடுத்துக்கிட்டே, "என்னாடா தம்பி, கதவைக் கழட்டிட்டு வந்துட்டியா?"ன்னு ஃபைலைக் காட்டிக் கேட்டாங்க. தாத்தா ஊஞ்சலில் இருந்தார். டம்ளரை ரெண்டு கையாலும் பிடிச்சிருந்தார். அப்படியும் காபி ஆடுச்சு. நான் பார்த்ததை அவர் பார்த்துட்டார். உடனே டம்ளரைக் கீழே வெச்சுட்டு, "என்ன அது, காட்டு"ன்னார்.

தாத்தாவைப் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். 1969-ல் திருவெறும்பூர் 'பெல்' தொழிற்சாலையில் டிராஃப்ட்ஸ்மேனாச் சேர்ந்து, ரிட்டயர் ஆகிற வரைக்கும் பாய்லர் டிராயிங் போட்டவர். நாம ஃபர்ஸ்ட் இயரில் மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கிட்டு பஸ்ஸில் எல்லாரையும் குத்துவோமே, அந்த வேலையே அவருக்கு முப்பது வருஷச் சம்பளம். ட்ரேசிங் பேப்பர் மேல இங்க் பேனாவில், முடி கனத்துக்குக் கோடு இழுக்கிற கை அது. கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடி ஒரு பாய்லர் முழுக்க இப்படிக் கையாலதான் பேப்பரில் பிறக்கும்.

என் பென்சில் ஸ்கெட்ச்சை விரிச்சேன். மலை உச்சியில் ஒரு கோட்டை. அதைச் சுத்தி, ரெக்கையை விரிச்சு, பின்னங்காலில் எழுந்து நிற்கிற ஒரு டிராகன். மூணு வாரமா நெட்டில் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது. செதில் மட்டுமே நாலு நாள் வேலை.

தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாருக்கு. எத்தனை டன் வரும்?"

"தாத்தா... இது டிராகன்."

"தெரியுது. எத்தனை டன்?"

"தெரியலை தாத்தா."

"சரி, சப்போர்ட் எங்க?"

பாய்லர் குழாய்க்கெல்லாம் சப்போர்ட் வேணுமாம். எங்கே தொங்குது, எங்கே தாங்குது, சூடானா எந்தப் பக்கம் நீளும்னு பார்த்துத்தான் கோடே போடணுமாம். "உன் மிருகம் பின்னங்கால்ல நிக்குது. ஆனா எடை முழுக்க முன்னாடி இருக்கு. இந்நேரம் கவுந்திருக்கணும்."

எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. அந்த நேரம் பார்த்து ரூம்மேட் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். "ஏ.ஐ.கிட்ட கேட்டேன் மச்சி, பத்தே செகண்ட்! பேசாம இதைப் பார்த்து வரைஞ்சுடு." தாத்தாகிட்ட காட்டினேன். ரெண்டு விரலால் பெருசாக்கிப் பார்த்துட்டுச் சொன்னார். "இதுவும் கவுந்துடும்."

ஒரே கல், மொத்தக் கதை

சாயங்காலம், "வா, ஒண்ணு காட்டறேன்"னு கிளம்பினார். என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, நின்னு நின்னு நடந்தார். வெள்ளை கோபுரம் வழியா உள்ளே போனா சேஷராயர் மண்டபம். சின்ன வயசில் அதைச் சுத்தி ஓடிப் பிடிச்சு விளையாடியிருக்கேன். அன்னிக்குத்தான் முதல் தடவையா ஒழுங்காப் பார்த்தேன்.

வரிசையாத் தூண்கள். ஒவ்வொண்ணிலும் ஆள் உயரத்தைத் தாண்டி முன்னங்காலைத் தூக்கிப் பாயுற குதிரை. மேலே ஈட்டியோட வீரன். கீழே பாயுற புலி, கத்தியும் கேடயமுமாக் காலாட்கள். விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. கல்லுன்னு தெரிஞ்சும் ஒரு அடி பின்னால தள்ளி நிற்கத் தோணும்.

"இதுவும் பின்னங்கால்லதானே நிக்குது தாத்தா?"

"நிக்குதா? நல்லாப் பாரு."

பார்த்தேன். குதிரைக்குப் பின்னாடி தூண். குதிரையும் தூணும் ஒரே கல். கூரையோட பாரம் தூண் வழியா இறங்குது. தூக்கின முன்னங்காலுக்குக் கீழே சும்மா வெட்டவெளி கிடையாது. அங்கேதான் புலி, அங்கேதான் வீரன், அங்கேதான் கேடயம். அழகுக்காகச் செதுக்கினதுன்னு நான் நினைச்சுக்கிட்டிருந்த ஆளுங்கதான் அந்த இடத்தில் கல்லை விட்டுப்போகாம இணைச்சுப் பிடிச்சிருக்காங்க.

"கதை வேற, சப்போர்ட் வேறன்னு அவன் வெச்சுக்கலை பாரு"ன்னார் தாத்தா. பாய்லர் டிராயிங்கைப் பாராட்டுற அதே குரல்.

அங்கேயே ஓரமா உட்கார்ந்து நோட்டில் வரைய ஆரம்பிச்சேன். (நீங்களும் போனா, உட்காரும் முன்னாடி அங்கே இருக்கிற கோயில் ஊழியர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க.) இன்னொரு தூணைப் பார்த்தா யாளி. சிங்க உடம்பு, யானைத் துதிக்கை. இப்படி ஒரு மிருகத்தை யாரும் எங்கேயும் பார்த்ததில்லை. ஆனா தொடையில் சதை எப்படித் திரளணுமோ அப்படித் திரளுது. காரணம் சிம்பிள். செதுக்கினவர் நிஜ யானையையும் நிஜக் குதிரையையும் உட்கார்ந்து பார்த்திருக்கார்.

இதே 16-ம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஒரு ஓவியர் தலைகீழா ஒரு வேலை செஞ்சார். ஆல்பிரெக்ட் டியூரர். 1515-ல் இந்தியாவிலிருந்து ஒரு காண்டாமிருகம் கப்பலில் போர்ச்சுகலுக்குப் போய் இறங்குச்சு. டியூரர் அதைப் பார்க்கவே இல்லை. வந்த விவரத்தை வெச்சு இங்க்கில் வரைஞ்சு, மரத்தில் செதுக்கி அச்சும் போட்டார். தோல் மடிப்பெல்லாம் போர்க் கவசம் மாதிரி இருக்கும். முதுகில் எக்ஸ்ட்ராவா ஒரு குட்டிக் கொம்பு! நிஜ மிருகமே அங்கே ஃபேன்டஸி ஆயிடுச்சு. ஆனாலும் ஐரோப்பா ரொம்பக் காலம் அதையே நம்புச்சு. ஏன்னா அந்த மிருகம் நாலு காலையும் தரையில் ஊன்றி, கனமா நிக்கும்.

நம்ம ஊரிலும் இங்க்கில் கல்லைப் பிடிச்ச ஒருத்தர் இருந்தார். நாமக்கல்லில் 1919-ல் பிறந்த ஓவியர் சில்பி. கோயில் கோயிலாப் போய், சிற்பத்துக்கு முன்னாடி உட்கார்ந்து, கோட்டாலேயே வரைஞ்சவர். ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்'னு வருஷக்கணக்கா வந்தது. பின்னால புத்தகமாவும் வந்தது. உங்க காலேஜ் லைப்ரரியில் இருந்தா எடுத்துப் பாருங்க. நிழலுக்கு அவர் போட்டிருக்கிற கோடுகளை எண்ணிப் பார்த்தா நாம பேனாவைக் கீழே வெச்சுடுவோம்!

புலியின் குகை

ஞாயிற்றுக்கிழமை காலை தனியா மலைக்கோட்டை. நானூறு படிக்கு மேல. பாதி வழியில் பல்லவர் குகை. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைஞ்சது. உள்ளே சிவன் தன் சடையில் கங்கையைத் தாங்குற சிற்பம். பாருங்க, இங்கேயும் சப்போர்ட்! அந்த ராஜாவோட பட்டப் பெயர்களில் ஒண்ணு 'சித்திரகாரப்புலி'. ஓவியர்களில் புலியாம். ஜெயிச்ச சண்டையைச் சொல்லாம, வரையறதைச் சொல்லி ஒருத்தர் தன்னைப் புலின்னு கூப்பிட்டுக்கிட்டார் பாருங்க, அந்தத் தைரியம் எனக்குப் பிடிச்சிருந்தது.

உச்சியில் நல்ல காத்து. காவிரி, கொள்ளிடம், நடுவில் ஸ்ரீரங்கம். கோபுரங்களை எண்ண ஆரம்பிச்சு பாதியில் குழம்பினேன். அந்தத் தீவில்தான் எழுத்தாளர் சுஜாதா பாட்டி வீட்டில் வளர்ந்தார். இந்தப் பக்கம் கீழே தெரியுற செயின்ட் ஜோசப் கல்லூரியில் படிச்சார். 'என் இனிய இயந்திரா'வில் பேசுற நாய்க்குட்டி ரோபோ ஜீனோவை எழுதினதும், ஸ்ரீரங்கத்துத் தெருக் கதைகளை எழுதினதும் ஒரே கைதான். பாட்டி வீட்டுத் திண்ணையை விட்டுட்டு ஓடினாத்தான் கற்பனை வரும்னு யார் சொன்னது?

அங்கேயே பழைய ஸ்கெட்ச்சை மடிச்சு வெச்சுட்டு, புதுசா ஒண்ணு போட்டேன். நெட்டில் பார்த்த கோட்டைக்குப் பதிலா மலைக்கோட்டை. டிராகனுக்குப் பதிலா காவிரிக்குள்ளேயிருந்து எழுந்து வர்ற ஒரு யாளி. ஒரு கால் பாறையில். இன்னொரு கால் தண்ணிக்குள்ளே.

ஒரு ராத்திரி பாக்கி

ராத்திரி கூடத்தில் பலகையைப் போட்டு இங்க் வேலை ஆரம்பம். பென்சிலில் தப்பு செஞ்சா ரப்பர் இருக்கு. கம்ப்யூட்டரில் 'கன்ட்ரோல் இசட்' இருக்கு. இங்க்கில் தப்பு செஞ்சா அது அங்கேயேதான் இருக்கும். பதினோரு மணிக்கு நிப்பிலிருந்து ஒரு சொட்டு, யாளியோட முகத்துக்குப் பக்கத்திலேயே விழுந்தது. நான் கிட்டத்தட்ட அழுதுட்டேன்.

தாத்தா தூங்காமதான் இருந்தார். "தொடாதே. காயட்டும்." அரை மணி நேரம் காயவிட்டு, பாதி பிளேடைக் கொடுத்தார். "அழுத்தாம சுரண்டு. தோல் உரிக்கிற மாதிரி. அப்புறம் நகத்தால தேய்ச்சு வழவழப்பாக்கு. இல்லேன்னா அடுத்த கோடு ஊறிப் பரவும்." சொன்னபடியே செஞ்சேன். சொட்டு போயே போச்சு. டிராஃப்ட்ஸ்மேன்களோட 'கன்ட்ரோல் இசட்' அதுதான்!

"ஆனாலும் விடியறதுக்குள்ள முடியாது தாத்தா."

"எனக்குக் கல்யாணம் ஆனப்போ இந்த ராஜகோபுரம் மொட்டைக் கோபுரமா நின்னுச்சு. நானூறு வருஷத்துக்கு மேல அப்படியே கிடந்துச்சு. 1987-லதான் 13 நிலை, 236 அடி எழும்பி முடிஞ்சுது. உனக்கு ஒரு ராத்திரிதானே பாக்கி?"

மூணு மணிக்கு மலை முடிஞ்சது, யாளி முடிஞ்சது. தண்ணி மட்டும் பாக்கி. எனக்குத் தண்ணி வரவே வராது. ஸ்கேல் வெச்ச மாதிரி செத்துப்போய்க் கிடக்கும். பேனாவைத் தாத்தாகிட்ட நீட்டினேன்.

"எனக்கெதுக்குடா? கை நடுங்குது."

"தண்ணியும்தானே தாத்தா நடுங்கும்?"

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் வாங்கினார். முதல் கோடு போடும்போது ரெண்டு பேருமே மூச்சு விடலை. கோடு ஆடி ஆடி, யாளியோட கால்கிட்ட வளைஞ்சு அந்தப் பக்கம் போச்சு. ரெண்டாவது கோடு. மூணாவது. பத்தாவது கோட்டில் பேப்பரில் ஆறு ஓட ஆரம்பிச்சது. எனக்கு எத்தனை ராத்திரி உட்கார்ந்தாலும் அந்தக் கோடு வராது.

விடிஞ்சப்போ அம்மாயி காபியோட வந்து எட்டிப் பார்த்தாங்க. படத்தைப் பார்க்கலை. தாத்தா கையில் இருந்த பேனாவைத்தான் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லாம டம்ளரை வெச்சுட்டு உள்ளே போயிட்டாங்க.

ஃபெஸ்ட் ரிசல்ட்? ஆறுதல் பரிசுகூட இல்லை பாஸ். முதல் பரிசு ஒரு டிராகனுக்குப் போச்சு. சத்தியமா அது கவுந்துடும்.

என் படம் இப்போ கீழச் சித்திரை வீதி வீட்டில், ஊஞ்சலுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கு. யார் வந்தாலும் தாத்தா யாளியை விட்டுட்டுத் தண்ணியைத்தான் காட்டறாராம். அடுத்த மாசம் திரும்பப் போறேன். இந்தத் தடவை ஃபைலில் ரெண்டு அட்டை.